நிறுவனத்தின் சராசரியை விடுங்கள், உங்கள் பதவி நிலையைக் கேளுங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தளவாட நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் வாசகி கேட்கிறார்: “அதே பதவிக்குப் புதிதாக வந்த ஆண் ஊழியருக்கு என்னைவிட 600 வெள்ளி அதிகம். மனிதவளப் பிரிவில் கேட்டால், நம் நிறுவனத்தில் ஆண் பெண் சம்பள இடைவெளி 4 விழுக்காடுதான் என்கிறார்கள். மேற்கொண்டு எப்படிப் பேசுவது?”

அந்த 4 விழுக்காடு உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. அது எல்லா ஆண்களையும் எல்லாப் பெண்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. கிடங்கில் குறைந்த சம்பளத்தில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தாலே ஆண்களின் சராசரி இறங்கிவிடும். அலுவலகத்தில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருப்பது அதில் மறைந்துபோகும். சிங்கப்பூர் முழுவதற்குமான கணக்கிலும் இந்த இரண்டும் வேறுதான்: 2018இல் மொத்த இடைவெளி 16.3 விழுக்காடு, வயது, கல்வி, தொழில், துறை, வேலை நேரம் ஒத்தவர்களை ஒப்பிட்டபோது 6 விழுக்காடு. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வகை.

பெரும்பாலும் கோளாறு தொடங்குவது வேலையில் சேரும் நாளில். “முந்தைய சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டு அதன்மேல் கொஞ்சம் கூட்டித் தருகிறார்கள். பிள்ளைக்காக வேலையை விட்டுத் திரும்பிய பெண் அங்கேயே பின்தங்கிவிடுகிறார். பிறகு விழுக்காட்டுக் கணக்கில் வரும் உயர்வு அந்த இடைவெளியை வளர்க்கத்தான் செய்யும். 4,000, 4,600 வெள்ளி வாங்கும் இருவருக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூட்டினால், ஐந்தே ஆண்டில் 600 வெள்ளி 730 ஆகிவிடும். முதலாளி உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் செலுத்தும் பங்கும் அதற்கேற்பக் குறையும்.

சரி, கேட்பதற்குமுன் ஒன்றைப் பாருங்கள். அண்மையில் சேர்ந்த பெண்களுக்கும் உங்களைவிட அதிகமா? அப்படியானால் காரணம் பாலினமாக இல்லாமல் சந்தை நிலவரமாக இருக்கலாம். அப்போதும் உங்கள் சம்பளத்தைச் சரிசெய்யக் கேட்பது நியாயமே.

ஆண்டுச் சம்பள உயர்வு முடிவாகும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: என் பதவி நிலைக்கான சம்பள வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன், எந்த அடிப்படையில்? சக ஊழியர் பெயரை இழுக்காதீர்கள். மனிதவள அமைச்சு வெளியிடும் தொழில்வாரி இடைநிலைச் சம்பளத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) உங்கள் கடைசி வேலைத்திறன் மதிப்பீட்டையும் இணையுங்கள்.

தட்டிக்கழித்தால், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பை நாடலாம். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியிருக்கிறது. ஆனால் அது இனிமேல்தான் நடப்புக்கு வரும். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

அப்புறம், ஒருமுறை போனஸ் தந்து முடிக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆண்டின் உயர்வு அடிப்படைச் சம்பளத்தின்மீதுதான் கணக்கிடப்படும். அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.