கொத்தனாரைக் கேட்டீர்களா?

கே: 1,100 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். எலிப்பொறிக் கட்டு போட்டால் செங்கல் மிச்சம், வீடும் குளுமை என்கிறார் ஆர்க்கிடெக்ட். "உள்ளே பொந்தாக இருக்கிற சுவருக்கு நான் பொறுப்பில்லை" என்கிறார் கொத்தனார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, கரூர்

ப: கொத்தனார் சொல்வது உண்மை, சுவர் பொந்துதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்திக் கட்டுவதால், இரண்டு பக்கமும் 3 அங்குலச் செங்கல், நடுவே 3 அங்குலக் காற்று. 9 அங்குலச் சுவருக்கு ஆகும் செங்கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். நடுவில் இருக்கிற காற்று வெயில் சூட்டை உள்ளே சீக்கிரம் விடாது. (எலி வருமோ என்று பயப்படாதீர்கள். பெயரில் மட்டும்தான் எலி.) கேரளத்தில் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் இந்தக் கட்டில் எத்தனையோ வீடுகள் கட்டினார். அவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் இல்லை, கொத்தனார்களோடு சைட்டிலேயே நின்றவர். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

பதினைந்து வருடம் முன்னால் ஒரு வீட்டுக்கு இதே சுவரை ஆசையாகக் கட்டினேன். கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை செங்கல் வரி பிசகாமல் வந்தது. அப்புறம் எலெக்ட்ரீஷியன் வந்து, வழக்கம்போல் வயர் பைப் பதிக்கச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டினார். 3 அங்குலச் செங்கல்லில் காடி வெட்டினால் என்ன மிஞ்சும்? நாலைந்து இடத்தில் உளி பொந்துக்குள் இறங்கிவிட்டது. அவரைத் திட்டி என்ன பயன்? சுவர் எழும்பும்போதே கூப்பிட்டிருந்தால் பைப்பை அந்தப் பொந்திலேயே இறக்கியிருப்பார். கூப்பிடாதது நான்.

உங்கள் கொத்தனார் மறுப்பதற்கு, வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கலாம். கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசியிருக்கிறீர்களா? பழகாத கட்டு முதல் வாரம் மெதுவாகத்தான் ஓடும். செங்கல் மிச்சம் உங்களுக்கு, கூலி நட்டம் அவருக்கு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? சுவர் வேலைக்கு மட்டும் நாள் கூலி பேசிப் பாருங்கள்.

கடைக்கால் தோண்டும் முன் ஒரு நாள் காலையில் ஆர்க்கிடெக்ட், கொத்தனார், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் நாலு பேரையும் மனைக்கு வரவழையுங்கள். டீயும் வடையும் உங்கள் செலவு. எந்தச் சுவரில் சுவிட்ச், எதில் குழாய் என்று அன்றைக்கே முடிவாகட்டும். நாலடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் எழுப்பச் சொல்லுங்கள். முதல் வரி, மூலை, கதவு ஜன்னல் ஓரம், லிண்டலுக்குக் கீழ் வரி இவையெல்லாம் பொந்தில்லாமல் கெட்டியாக வரவேண்டும். கலவை உள்ளே விழாதபடி பொந்தின் மேல் ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாத்ரூம் சுவருக்கு இந்தக் கட்டு வேண்டாம் என்பார் பிளம்பர். நானும் அவர் கட்சிதான்.

செங்கல் கோணல்மாணலாக வந்து இறங்கினால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். அளவு பிசகாத கல் கிடைத்தால்தான் இது சரிப்படும்.

கே: பசுமைக் கட்டடச் சான்றிதழ் சின்ன வீட்டுக்கும் கிடைக்குமா?
- வாசகர், திருநெல்வேலி

ப: கிடைக்கும். பசுமைக் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட்டுச் சான்று தரும் நம் நாட்டு 'கிரிஹா' முறையில், 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்கென்றே 'ஸ்வாகிரிஹா' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கட்டி முடித்துவிட்டு யோசிப்பதைவிட பிளான் போடும்போதே ஆர்க்கிடெக்டிடம் பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீடு என்றால் முதலில் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அப்போது வைத்த குழாய் வாயில் இப்போது வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டிருக்கும்.