வாசகர் கேள்வி: எந்த ‘பிளேட் ரன்னர்’?

கேள்வி: ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு 1982, 1992, 2007 என்று மூன்று வடிவங்கள் இருக்கின்றனவாமே? டைரக்டர்ஸ் கட் என்றால் வெட்டிய காட்சிகளை ஒட்டி நீளமாக்குவதுதானே? எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இதில் ஒட்டியது ரொம்பக் குறைவு, பிடுங்கியதுதான் அதிகம்.

1982 மார்ச்சில் டென்வரிலும் டல்லாஸிலும் படத்தைப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பயந்துபோன தயாரிப்புத் தரப்பு, செயற்கை மனிதர்களை வேட்டையாடும் டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் குரலில் கதை சொல்ல வைத்தது. மழையும் இருட்டுமாக ஓடிய படத்தின் கடைசியில், காதலர்கள் மலைப்பக்கம் வெயிலில் காரில் போவதாக ஒரு சுப முடிவையும் சேர்த்தது. அந்த மலைகள், ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து எடுத்து மிச்சமானவை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பாயசம்!

1992 டைரக்டர்ஸ் கட்டில் குரலும் இல்லை, மலையும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுகிறது, படம் முடிந்தது.

டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில், என் அரைகுறை ஆங்கிலத்துக்கு அந்தக் குரல் பெரிய ஒத்தாசை. அதைத் திட்ட எனக்கு வாய் வராது, ஒரு இடம் தவிர. வேட்டையாடப்படும் செயற்கை மனிதனான ருட்கர் ஹாவர், ஃபோர்டைச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டு, மழையில் பேசி முடித்துத் தலை கவிழ்கிறார், கையிலிருந்த புறா பறக்கிறது. அங்கேயும் ஃபோர்டு குரல் நுழைந்து, இவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று விளக்கம் சொல்லும். சாவு வீட்டில் மைக் பிடிப்பவர் மாதிரி. 1992இல் அந்த விளக்கம் போய், ஃபோர்டின் முகமும் மழையும் வாங்கெலிஸ் இசையும்தான் மிச்சம்.

சரி, ஒட்டியது என்ன? டெக்கார்ட் பியானோ முன்னால் சாய்ந்திருக்கும்போது, அவன் கனவில், காட்டுக்குள் ஒரு வெள்ளை ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடி வருகிறது. சில நொடிதான். கடைசியில் அவன் காதலி ரேச்சலின் செருப்பு தட்டி வாசலில் ஏதோ விழுகிறது. போலீஸ்காரர் காஃப் வெள்ளிக் காகிதத்தில் மடித்து வைத்துப்போன அதே குதிரை. அது 1982லும் இருந்தது, ‘வந்தேன், ரேச்சலைக் கொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறேன்’ என்பதற்கு அடையாளமாக. கனவு சேர்ந்ததும் கதையே வேறு. ரேச்சல் யாரிடமும் சொல்லாத சிலந்தி நினைவை டெக்கார்ட் சொல்லித்தானே, அவள் செயற்கைப் பெண் என்பதை அவளுக்கே புரியவைத்தான்? அப்படியானால் இவன் கனவு காஃபுக்கு எப்படித் தெரிந்தது?

டெக்கார்டும் செயற்கை மனிதன்தான் என்கிறார் இயக்குநர் ரிட்லி ஸ்காட். மனிதன் என்றே நெடுங்காலம் வாதாடினார் ஃபோர்டு. நான் ஃபோர்டு கட்சி. வேட்டையாட வந்த மனிதனுக்கு வேட்டைப்பொருள் உயிர்ப்பிச்சை போடுவதில்தான் வலி இருக்கிறது. இருவரும் ஒரே ஜாதி என்றால் அது பாதியாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை, 1992 வடிவம் ஸ்காட்டின் குறிப்புகளை வைத்து மற்றவர்கள் தயாரித்தது. அவருக்கே முழுத் திருப்தி இல்லை. 2007 ஃபைனல் கட்தான் முழுக்க அவர் கையில் இருந்தது. இரவு மழையில் விட்ட புறா பளிச்சென்ற வானத்தில் பறந்துகொண்டிருந்ததை, 25 வருஷம் கழித்து அதில்தான் சரிசெய்தார்.

முதலில் 2007ஐப் பாருங்கள். அப்புறம் 1982இன் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் தேடிப் பாருங்கள், அந்தக் கடன் பாயசத்துக்காக.