ஊசிக்குள் உயிரோடு இருக்கும் கிருமி: கால்நடைத் தடுப்பூசி கேள்வி பதில்

ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர். என்ற வைரஸ் நோய்) ஊசி பற்றியும் மற்ற கால்நடை ஊசிகள் பற்றியும் குடியாத்தம், பேரணாம்பட்டு, பலமநேர் பக்கத்து ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. தடுப்பூசி தயாரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால், குப்பிக்குள் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆட்டுக்கு இப்போது என்ன செய்வது என்பதை ஊர் கால்நடை டாக்டரிடம் கேளுங்கள்.

பேரணாம்பட்டு, வெள்ளாடு வளர்ப்பவர்: ஆட்டுக்கொல்லி ஊசியில் உயிருள்ள வைரஸையே ஏற்றுகிறார்களாமே சார். அதுவே நோயைக் கொடுத்துவிடாதா?

உயிருள்ளதுதான். ஆனால் ஆட்டைக் கொல்லும் வித்தையை மறந்த வைரஸ். நோய் வந்த ஆட்டிலிருந்து எடுத்த வைரஸை ஆய்வகக் குடுவையில் வளரும் செல்கள் மேல் விடுவார்கள். நம் நாட்டில் இதற்குப் பயன்படுவது வீரோ செல், ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. அதில் பெருகியதை எடுத்து அடுத்த குடுவை, அதிலிருந்து அதற்கடுத்த குடுவை. குடுவையில் எதிர்ப்புச் சக்தி கிடையாது, காய்ச்சல் கிடையாது. அங்கே வேகமாகப் பெருகுவதுதான் ஜெயிக்கும். ஆட்டு உடம்போடு மல்லுக்கட்டும் திறமை பயன்படாமல் உதிர்ந்துபோகும். எருது விடும் விழாவுக்குப் பழக்கிய காளையை வருஷக்கணக்கில் கொட்டிலிலேயே கட்டித் தீனி போட்டால் ஓட்டம் மறந்துபோகுமில்லையா, அப்படித்தான்.

வடக்கே முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தில் உருவான 'சுங்ரி 96' என்ற ஊசி வைரஸ் ஏறத்தாழ 60 குடுவை மாறியது. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் 'அரசூர் 87' 75 மாறியது. அரசூர் தமிழ்நாட்டு ஊர்தான். செம்மறியிலிருந்து எடுத்த வைரஸ்.

சிக்கலே எங்கே நிறுத்துவது என்பதில்தான். சீக்கிரம் நிறுத்தினால் குட்டி படுத்துவிடும். ரொம்ப ஓட்டிவிட்டால் ஆட்டுக்குள் பெருகவே தெரியாது, எதிர்ப்பும் வராது. நடுவில் சரியான இடம் எது என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு கிடையாது. ஆட்டுக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அளவுக்குப் பல மடங்கு போட்டுப் பார்ப்பார்கள். ஊசி போட்ட ஆட்டுக்கு நிஜ நோய்க்கிருமியைக் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஊசி வைரஸையே ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றி ஏற்றி, பழைய புத்தி திரும்புகிறதா என்றும் சோதிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசிச் சோதனைதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

வி.கோட்டா, பெரியவர் ஒருவர்: எங்கள் அப்பா காலத்தில் வெக்கை (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு நோய்) வந்தால் கொட்டிலே காலி. இப்போது அந்தப் பேச்சே இல்லையே, எப்படி?

ஐயா, அதை ஒழித்ததும் இதே முறை ஊசிதான். 1920களில் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை வெள்ளாட்டிலிருந்து வெள்ளாட்டுக்கு மாற்றிக்கொண்டே போனார். வெள்ளாட்டுக்குப் பழகப் பழக மாட்டின் மேல் அதன் வீரியம் குறைந்தது. நம் நாட்டு மாடு அந்த ஊசியைத் தாங்கியது, சில இனங்களுக்குக் கடுமையாகவே இருந்தது. பிறகு கென்யாவில் வால்டர் பிளௌரைட் அதே வேலையைக் கன்றின் சிறுநீரக செல்லில் சுமார் 90 தரம் செய்தார். மாட்டுக்கு அது சாதுவானது, ஒரு ஊசி போட்டால் ஆயுசுக்கும் போதும். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தெரிந்தது 1995இல், நம் வட ஆற்காட்டில்தான். 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்துக்கட்டிய வைரஸ் நோய் இது ஒன்றுதான். ஆட்டுக்கொல்லி அதற்குப் பங்காளி வைரஸ். 2030க்குள் இதையும் ஒழிக்க உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள்.

குடியாத்தம், கறவை மாடு வைத்திருக்கும் அம்மா: அப்படியென்றால் கோமாரிக்கு மட்டும் ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி?

அது கொன்ற வைரஸில் செய்த ஊசி அம்மா. உடம்பு சீக்கிரம் மறந்துவிடும். கோமாரியையும் முயலிலும் முட்டைக் கருவிலும் ஓட்டி வீரியம் குறைத்துப் பார்த்தவர்கள் உண்டு. மாட்டுக்குச் சாதுவாக இருந்தது பன்றிக்கு அப்படி இல்லை. பழையபடி மாறிவிடும் பயமும் இருந்தது. அதனால் கைவிட்டார்கள். போதாததற்கு நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது.

பலமநேர், மாட்டுக்காரர்: தோல் கழலைக்கு (லம்பி நோய்) ஆட்டம்மை ஊசியை மாட்டுக்குப் போட்டார்கள். ஏமாற்று வேலையா?

இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து அம்மை வைரஸ். ஒன்றின் எதிர்ப்பு இன்னொன்றை ஓரளவு தடுக்கும். மாட்டு வைரஸிலிருந்தே செய்ததும் இருக்கிறது: ராஞ்சியில் 2019இல் எடுத்ததை வீரோ செல்லில் 50 தரம் ஓட்டி உருவாக்கி, 2022இல் அறிவித்தார்கள்.

பேரணாம்பட்டு, இன்னொரு தம்பி: ஊசி போட்ட நாலாம் நாள் மூன்று ஆடு செத்தது. சந்தையில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊசிதானே காரணம்?

பெரும்பாலும் சந்தை. நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய நாலைந்து நாள் ஆகும். ஊசியின் எதிர்ப்பு ஏற ஏறத்தாழ இரண்டு வாரம். முந்திக்கொண்டது நோய், பழி ஊசிக்கு. வாங்கிய ஆட்டைத் தனியாகக் கட்டி, மூன்று வாரம் கழித்துப் பட்டியில் விடுங்கள். செத்ததை டாக்டரிடம் காட்டாமல் புதைக்காதீர்கள்.

ஊசி பலிக்காமல் போவதற்கு இன்னொரு காரணம், வழியிலேயே வைரஸ் செத்துப்போவது. குப்பி ஐஸ் பெட்டியிலேயே வர வேண்டும். கரைத்த பிறகு நிழலில், ஐஸ் மேல் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சிரிஞ்சை ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வைரஸை நாமே கொன்றுவிட்டு, வெறும் தண்ணீரை ஏற்றுகிறோம். கொதிக்க வைத்து ஆறிய சிரிஞ்சு போதும்.

நகரி: ஆந்திராவில் ஆட்டுக்கொல்லி ஊசி போட்டது தெரியாமல் தமிழ்நாட்டிலும் போட்டுவிட்டார்கள்.

கேடில்லை. இருக்கிற எதிர்ப்பு புது வைரஸை அடக்கிவிடும், மருந்துதான் வீண். ஒரு ஊசி மூன்று வருஷம் தாங்கும்.

குட்டிக்கு எப்போது?

மூன்று மாதம் முடிந்து. அதற்கு முன் சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பு ஊசி வைரஸைப் பெருக விடாது.

மிச்சமான மருந்தை மறுநாளுக்கு வைக்கலாமா?

கூடாது. குப்பியோடு கொதிக்க வைத்து ஆழமாகப் புதையுங்கள். நூறு டோஸ் குப்பி என்பதால் அக்கம்பக்கத்துப் பட்டிகளையும் சேர்த்து ஒரே காலையில் போட்டுக்கொள்ளுங்கள்.