காற்றின் கடைமடை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், தென்கிழக்கே நதியோரச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். மாநில சுயாட்சி பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் விடாமல் படிப்பவன். மாநில எல்லை தாண்டிப் போகும் ஓசோன் மாசை (வானத்து ஓசோன் படலம் இல்லை, தரையருகே மூச்சைக் கெடுப்பது) குறைக்க மத்திய சுற்றுச்சூழல் முகமை கொண்டுவந்த ‘நல்ல அண்டை வீட்டார்’ திட்டத்தை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டவர்களில் எங்கள் ஒஹாயோவும் உண்டு. உங்கள் கொள்கைப்படி நீங்கள் ஒஹாயோ பக்கம்தானே நிற்க வேண்டும்? இங்கே என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. (கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் படிக்கும் மகளுக்குத்தான் இந்தக் கோடையில் மூச்சிரைப்பு. விடுதிக் கார்பெட்டின் தூசி என்று நினைக்கிறேன்.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீர்ப்பைப் படித்தீர்களா, வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்தீர்களா? ஐந்துக்கு நான்கு என்று வந்த அந்தத் தீர்ப்பில் மாநில உரிமைக்கு வெற்றி ஒன்றும் இல்லை. 23 மாநிலங்களுக்காகப் போட்ட கணக்கு, வேறு வழக்குகளால் 12 மாநிலங்கள் கழன்றுகொண்ட பிறகும் பொருந்துமா என்ற கேள்விக்கு முகமை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அதனால் வழக்கு முடியும்வரை நிறுத்திவை என்றார்கள். அவ்வளவுதான். முதலில் வெளியிட்ட பிரதியில் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து தடவை நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்தினார்கள். அதை விடுங்கள்.

சுயாட்சிக்கு வருகிறேன். காவிரியில் நாம் கடைமடைக்காரர்கள். மேலே இருப்பவர் ‘என் அணை, என் இஷ்டம்’ என்றால் அதைச் சுயாட்சி என்று ஒத்துக்கொள்வீர்களா? உங்களுக்குக் கிழக்கே இருக்கும் கனெக்டிகட்டும் மேரிலாண்டும் மாநிலங்கள்தான். காற்றுக்கு அவர்கள் கடைமடை. காவிரியில் நமக்கு வேண்டியது வருவதில்லை, அவர்களுக்கு வேண்டாதது வருகிறது.

வானம் பளிச்சென்று இருக்கிறதாம்! அனுப்பிவிட்டால் பளிச்சென்றுதான் இருக்கும். புகைபோக்கியிலிருந்து ஓசோன் வருவதில்லை. வருவது நைட்ரஜன் ஆக்சைடு. அது காற்றில் திரியும் கரிம ஆவிகளோடு சேர்ந்து வெயிலில் வெந்துதான், போகிற வழியில் ஓசோன் ஆகிறது. 1970-ல் இந்த நாட்டில் 500 அடிக்கு மேல் உயரமான புகைபோக்கிகள் இரண்டே இரண்டு. 1985-ல் 180-க்கு மேல். உள்ளூர்த் தரையில் அளந்தால் கந்தகப் புகை குறைவாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. புகையைக் குறைத்தவர்களும் உண்டு, புகைபோக்கியை உயர்த்தியவர்களும் உண்டு.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். 2014 கோடையில் பழைய நண்பர் ஒருவர் தான் வேலை பார்த்த அனல்மின் நிலையத்தைச் சுற்றிக் காட்டினார். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், ஒஹாயோ நதிப் பள்ளத்தாக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே பல மாடி உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி துளைத்த அடுக்குகள். புகையில் அம்மோனியாவைத் தெளித்து அவற்றின் வழியாக விட்டால் நைட்ரஜன் ஆக்சைடில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். பல கோடி டாலர் பெட்டி. நண்பர் பெருமையாகத்தான் விளக்கினார். அம்மோனியா பம்புப் பக்கம் சத்தமே இல்லை.

“இன்றைக்கு ரிப்பேரா?” என்று கேட்டேன்.

“ரிப்பேரெல்லாம் இல்லை. ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம். அம்மோனியா வாங்குறதைவிட அலவன்ஸ் வாங்குறது மலிவு.”

அலவன்ஸ் என்றால் பஞ்சப்படி, பயணப்படி மாதிரி, இது புகைப்படி. ஒரு டன் புகை விட ஒரு சீட்டு. குறைவாக விடுபவர் மிச்சச் சீட்டை விற்கலாம். சீட்டு சந்தையில் கொட்டிக் கிடந்ததால் அந்த வருடங்களில் விலை சரிந்திருந்தது. சட்டப்படி எல்லாம் சரி, ஒருவரும் குற்றவாளி இல்லை. அது ஜூலை மாதம், வெளியே கொளுத்தும் வெயில். ஓசோன் வேக அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

இது அந்த ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை. 2016-ல் மேரிலாண்ட், ஐந்து மாநிலங்களில் இருந்த 36 அனல்மின் உற்பத்தி யூனிட்களைப் பட்டியல் போட்டு முகமையிடம் மனுக் கொடுத்தது. ஒஹாயோவும் அதில் உண்டு. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை ஐயா. மூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே பொருத்தியிருப்பதைக் கோடையில் தினமும் ஓட்டுங்கள் என்று கேட்டது. பெட்டி இருக்கிறது, பம்பு இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. அதைப் போடுங்கள் என்று ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்து நிலையங்கள் மேல் மனு எழுத வேண்டியிருக்கிறது! 2018-ல் நிராகரித்தார்கள். 2020-ல் நீதிமன்றம் ஒரு பகுதியை மறுபடி பார் என்று திருப்பி அனுப்பியது. நடுவில் மூன்று கோடைகள். சுயாட்சி, சுயாட்சி என்கிறீர்களே, சுவிட்சைப் போடாமல் இருக்கும் உரிமைக்கா அந்தப் பெயர்?

சரி, கோபம் போதும். மகளின் மூச்சிரைப்புக்கு ஒஹாயோதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கனெக்டிகட்டுக்கு வருவதில் பெரும்பங்கு நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியாவுடையது. உங்கள் பங்கு சிறியது. அந்த ஊர்க் கடற்கரை பார்க்க அழகு, ஆனால் கோடையில் நியூயார்க் பக்கத்துக் காற்று லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடல் நீரிணையின் நீர்மேல் கலங்காமல் தங்கி வெயிலில் வேகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று அதைக் கரைக்குத் தள்ளும். உட்புற ஊர்களைவிடக் கடலோரப் பூங்காக்களில் ஓசோன் அதிகமாகப் பதிவாவது அதனால்தான். சாயங்காலம் கடலோரம் ஓடப் போகிற பழக்கம் இருந்தால் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கார்பெட்டையும் ஒருதரம் தட்டட்டும், தப்பில்லை.

அப்புறம், டாக்டரிடம் காட்டினீர்களா? அதை எழுதவே இல்லையே.