பத்து மணிக்கு இறங்கலாமா? மான் வேட்டை கேள்வி-பதில்

அக்டோபர் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும்தான் இருக்கும். இந்த முறை என்னவோ பலரும் காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். நான் வேட்டையாடுவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வெள்ளைவால் மானை. பதில்களும் அந்தக் காட்டுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதிப் புத்தகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் இருட்டோடு, மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்காருகிறேன். பத்து மணி ஆனதும் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் சாப்பிட இறங்கிப் போகிறார்கள். நடுப்பகலில் மான் நடமாடவே நடமாடாதா?

நடமாடும். ஆனால் குறைவாக. விடியலிலும் அந்தியிலும்தான் அதன் கால் ஓடும். ஆட்டையும் மாட்டையும் போல அதற்கும் நான்கு அறை வயிறு. திறந்த இடத்தில் அவசரமாக மேய்ந்துவிட்டு, மறைவான இடத்தில் படுத்து நிதானமாக அசைபோடும். நடுப்பகல் அதற்கு அசைபோடும் நேரம். அதற்காக நாலு மணி நேரமும் ஆடாமல் அசையாமல் கிடக்கும் என்று அர்த்தமில்லை. இடையிடையே எழும், சோம்பல் முறிக்கும், பக்கத்துப் புதரில் நாலு வாய் கடிக்கும், மறுபடி படுக்கும். உங்கள் பரண் மேய்ச்சல் ஓரத்தில் இருந்தால் இது எதுவும் உங்கள் கண்ணில் படாது. படுக்கை இடத்துக்கு அருகில் இருந்தால் படும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அந்த வாரத்தில் சூரியன் காலை 7 மணி வாக்கில் உதித்து மாலை நாலரைக்குள் மறைந்துவிடும். பகலே ஒன்பதரை மணி நேரம்தான். அதில் பத்திலிருந்து இரண்டு வரை இறங்கிவிட்டால் ஏறக்குறைய பாதி நாளைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இறங்காதீர்கள். காரணம் மான் இல்லை, மனிதர்கள். பத்தரைக்குக் குளிர் தாங்காமல் ஒவ்வொருவராக இறங்கி வண்டியை நோக்கி நடப்பார்கள். அந்த நடையில் படுத்திருக்கும் மான்கள் கிளம்பும். உட்கார்ந்திருப்பவருக்கு அது இலவச உதவி. நானும் முதல் மூன்று வருஷம் இறங்கிப் போனவன்தான். மூன்றாவது வருஷம் காலையில் புதுப்பனி விழுந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தால், ஏணிக்கு நேர் கீழே, பத்தரைக்கு நான் பதித்துவிட்டுப் போன பூட்ஸ் தடத்தின் மேலேயே ஒரு பெரிய குளம்புத் தடம். அன்றிலிருந்து சாப்பாடு பரணுக்கு மேலே வந்துவிட்டது.

வார நாட்களில் கதை வேறு. புதன்கிழமை காட்டில் ஆளே இருக்காது. காற்றும் கடுமையாக இருந்தால் தாராளமாக இறங்குங்கள், சூப் குடியுங்கள், இரண்டு மணிக்குத் திரும்பி ஏறுங்கள்.

இணைசேரும் பருவத்தில் மட்டும் நடுப்பகலில் கொம்பன் (ஆண்மான்) வரும் என்கிறார்களே, ஏன்?

பிணைமான் சினையாகத் தயாராக இருப்பது ஏறத்தாழ ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத் தவறவிடாமல் இருக்க ஆண்மான் பசி, தூக்கம் இரண்டையும் மறந்து அலையும். பகல் வெளிச்சம் குறைவதுதான் இந்தப் பருவத்தைத் தொடங்கிவைக்கிறது. ஆகவே வெயிலோ பனியோ, வடக்கு மாநிலங்களில் உச்சம் நவம்பர் நடுவை ஒட்டியே அமைகிறது. ஏறக்குறைய 200 நாள் சுமந்து, மே கடைசியிலும் ஜூனிலும் புல் தழைத்திருக்கும்போது குட்டி போடும். கணக்கு அப்படி.

காலையில் பிணைகள் படுக்கப் போனபின் ஆண்மான் அந்தப் படுக்கை இடங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். உள்ளே நுழையாது. காற்று அங்கிருந்து வீசிவரும் பக்கமாக நடந்து மோப்பத்திலேயே ஆளை எண்ணிவிடும். பதினொரு மணிக்கு நீங்கள் இருக்க வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான். மிச்சிகனில் துப்பாக்கி சீசன் நவம்பர் 15 அன்று தொடங்குவதால் அவர்களுக்கு இந்த ஆட்டம் முழுசாகக் கிடைக்கும். நம் சீசன் தொடங்குவதற்குள் உச்சம் கடந்துவிடுகிறது, வால்தான் மிஞ்சும். நவம்பர் முதல் இரண்டு வாரம் வில்லோடு போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மாலையில் நன்றாக இருக்கும் பரணில் மதியம் உட்கார்ந்தால் மான் சீறிவிட்டு ஓடுகிறது. ஏன்?

உங்கள் பரண் சரிவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெயில் பட்டுச் சரிவு சூடானால் காற்று மேல்நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்ததும் கீழே இறங்கும். மாலையில் உங்கள் வாடையைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும் அதே இடம், மதியம் மேட்டில் படுத்திருக்கும் மானின் மூக்குக்கே அனுப்பிவைக்கிறது. பகலுக்கு மேட்டுப் பக்கம் ஒரு பரண், மாலைக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஆனால் கண் சொக்குகிறது. ஒரு தடவை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஆபத்தா?

ஆபத்துதான். இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்ப மாட்டேன். வேட்டைக்காரர்களைப் படுக்கவைக்கும் விபத்துகளில் பரணிலிருந்து விழுவது முக்கியமானது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். அது தரையிலிருந்து கால் எடுக்கும் நொடியிலிருந்து மறுபடி தரை தொடும்வரை கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். பலர் மேலே போனபிறகுதான் மாட்டுகிறார்கள், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள், அப்படியே கீழே இறக்குங்கள்.

தலை ஒரு தடவை தொங்கினாலே தோட்டாவை எடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். வண்டியிலோ கேபினிலோ இருபது நிமிஷம் தூங்கிவிட்டு வரலாம். மேலே நான் சொன்ன ‘இறங்காதீர்கள்’ எல்லாம் விழித்திருப்பவர்களுக்கு.

(‘ட்ரீ ஸ்டாண்ட்’ என்பதைப் பரண் என்று எழுதுவது சரியா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தினைப்புனம் காக்க உயரத்தில் போட்ட மேடையைச் சங்கப் பாடல்கள் இதணம் என்கின்றன. எனக்குப் பரணே போதும்.)

பகல் 11 மணிக்குச் சுட்டேன். மான் துள்ளிவிட்டு ஓடிவிட்டது. உடனே பின்னால் போகலாமா?

போகாதீர்கள். மதிய வேளையின் மிகக் கஷ்டமான வேலை இதுதான்: சும்மா உட்காருவது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகப் பார்த்த மரத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து, நின்ற இடத்துக்கு மட்டும் சத்தமில்லாமல் போய் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். தடத்தைப் பிடித்துப் போகலாம், அனேகமாகப் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். குறைந்தது 3, 4 மணி நேரம் விடுங்கள். பச்சையும் பழுப்புமாகக் கலந்து, செரித்த தழையின் நாற்றம் அடித்தால் வயிறு அல்லது குடல். வந்த வழியே திரும்பி 8 முதல் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் துரத்தாவிட்டால் அது சீக்கிரமே ஒரு மறைவில் படுத்துவிடும், அங்கேயே உயிர் போகும். துரத்தினால் கடைசிப் பலத்தில் எழுந்து மைல் கணக்கில் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் எங்கோ செத்துக் கிடக்கும். மழையோ பனியோ வரப்போகிறதென்றால் தடம் அழிந்துவிடும், அப்போது மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் சுருக்க வேண்டிவரும். வாரில் பிடித்த மோப்ப நாயோடு தேடித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஃபோன் நம்பரை சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பரணில் சாப்பிட என்ன கொண்டுபோகலாம்? மனைவி தயிர்சாதம் கட்டித் தருகிறார்.

மைனஸ் 5 டிகிரியில் தயிர்சாதத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? செங்கல். என் வாக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லிக்கு. உள்சட்டைப் பையில் வைத்தால் உறையாது, ஒரே கையால் சாப்பிடலாம், முக்கியமாகச் சத்தம் போடாது. சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தம் அசையாத காற்றில் வெகுதூரம் கேட்கும். எல்லாவற்றையும் துணியில் மடித்துக் கொண்டுபோங்கள். பொடி வாசனைக்குப் பயப்படாதீர்கள், மானை விரட்ட மனித வாடையே போதும். ஆரஞ்சு நிற உடுப்பைப் பற்றியும் பலருக்குச் சந்தேகம். மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் மங்கல்தான். கழற்றி வைக்காதீர்கள், அது மானுக்காக இல்லை, அடுத்த வேட்டைக்காரருக்காக.

கேம்ப்பில் மதியச் சாப்பாட்டோடு ஒரு பீர்?

துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றைய வேட்டை முடிந்தபிறகு.

மதியம் பத்துப் பேர் வரிசையாக நடந்து மானைக் கலைத்து ஓட்டப் போகிறோம், வாருங்கள் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கூப்பிடுகிறார். போகலாமா?

இங்கே அது பழைய வழக்கம். பாதிப் பேர் புதருக்குள் நடந்து கலைப்பார்கள், மீதிப் பேர் மறுமுனையில் நிற்பார்கள். காடு அசைவற்றிருக்கும் மதியத்துக்கு ஏற்ற முறைதான். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: யார் யார் எங்கே நிற்பார்கள், எந்தத் திசையில் சுடக்கூடாது என்று காகிதத்தில் வரைந்து காட்டுவார்களா? காட்டினால் போங்கள். ‘அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்’ என்றால் ஒரு சாக்குச் சொல்லி நழுவிவிடுங்கள். ஓடும் மானின் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாமல் சுடுவதுதான் இதில் நடக்கும் தப்பு. எனக்கு நின்று சுடுவதைவிட நடப்பதுதான் பிடிக்கும், குளிர் விடும்.

நிலா உச்சியில் இருக்கும் நேரம் நடுப்பகலில் வந்தால் மான் எழும் என்று ஒரு ஆப் சொல்கிறது. நம்பலாமா?

இந்தக் கணிப்பு 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்பவர் வகுத்த சோலுனார் கொள்கையின் (சூரியன், நிலா நிலையை வைத்து விலங்கின் நடமாட்டத்தைக் கணிப்பது) பேரப்பிள்ளை. மானின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்தவர்களுக்கு விடியலும் அந்தியும் தெளிவாகத் தெரிந்தன, நிலா தெரியவில்லை. நான் நம்புவதில்லை. உங்களைப் பரணில் உட்காரவைக்க அந்த ஆப் உதவுகிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையிலேயே மான் கிடைத்துவிட்டது. மதியத்துக்குள் என்னென்ன முடிக்க வேண்டும்?

முதலில் குடலை எடுத்துச் சூட்டை வெளியேற்றுங்கள். கறி 4 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். நவம்பரிலும் சில மதியங்கள் வெதுவெதுப்பாக இருக்கும், அன்று விலாவுக்குள் ஐஸ் மூட்டை வையுங்கள். விஸ்கான்சினில் மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவு செய்தாக வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். அப்புறம் சி.டபிள்யூ.டி. எனும் மூளைநோய்ச் சோதனை. இந்த மாநிலத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது 2002-இல். காரணம் ப்ரியான் என்ற கெட்டுப்போன புரதம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் சாகாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. தலையைச் சோதனைக்கு மாதிரி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். நண்பர்களுக்குப் பங்கு அனுப்புவதும் அதற்குப் பிறகுதான்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் முடியுமா?

அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. லைசென்ஸுக்கு, 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். விசா விஷயத்தில் என் பேச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள், குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேனியிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் சிறை. கேமரா எடுத்துப் போங்கள்.

ஞாயிறு மதியம் பேக்கர்ஸ் (நம் மாநில அமெரிக்கன் ஃபுட்பால் அணி) ஆட்டம். கேபினில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள்?

ஆட்டம் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு. முடிய மூன்றைத் தாண்டிவிடும். அப்புறம் பரணுக்கு நடந்து ஏறி, காடு அடங்குவதற்குள் வெளிச்சமே போய்விடும். பதினொன்றரைக்குக் காட்டிலிருந்து அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெளியேறும் நாள் வருஷத்தில் எனக்கு அது ஒன்றுதான். நான் மேலேயே இருப்பேன். ஸ்கோரை இருட்டியபின் வந்து கேட்டுக்கொள்வேன்.