பொங்கலுக்கு மண்டபத்தில் கயாக்: எந்தக் கடல், எவ்வளவு தூரம்?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். பொங்கல் விடுமுறையில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வந்து, கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிவிட்டு, ஒரு தீவில் கூடாரம் போட்டு இரவு தங்கத் திட்டம். இரண்டு பேர் முட்டுக்காட்டில் கயாக் ஓட்டியிருக்கிறோம். நான்கு பேருக்கு நீச்சல் தெரியும். அந்த மாதத்தில் தென்கடல் குளம் மாதிரி இருக்கும் என்கிறார்களே, அங்கேயே இறங்கலாமா?

பதில்: முதலில் கூடாரத் திட்டத்தைக் கைவிடுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தீவில் கால் வைத்தால்தான் குற்றம், சுற்றி வந்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் ஆழம் குறைந்த கடலும் பூங்காவைச் சேர்ந்தவையே. அந்த ஆழத்தில் கயாக்கின் அடி உரசினாலே கிளைப்பவளம் ஒடிந்துவிடும், பழைய அளவுக்கு வளர ஆண்டுகள் பிடிக்கும். அனுமதி பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் ராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். படகு வாடகைக்கு விடுபவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்வது அனுமதி ஆகாது. ஒரு தீவையாவது பார்க்க வேண்டுமென்றால், பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. அன்று ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கயாக்கை நிலக்கரையை ஒட்டியே ஓட்டுங்கள்.

இனி, தென்கடல். இந்தப் பக்கத்து மக்கள் பாக் நீரிணைப் பக்கத்து வடகடலைச் சாதுவான பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவான தென்கடலை முரட்டு ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் அந்தக் குணம் இடம் மாறிவிடும். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கரையோரம் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். உங்கள் காதுக்கு வந்த செய்தி அந்த மட்டில் சரி. ஆபத்தும் அந்த அமைதியில்தான் இருக்கிறது.

கரை அமைதியாக இருப்பதற்குக் காரணம் காற்று இல்லாததல்ல. நிலமும் பனைகளும் அதை மறைக்கின்றன. 500 மீட்டர் உள்ளே போனதும் மறைப்பு போய்விடும், முதுகுக்குப் பின்னாலிருந்து வாடை தள்ளும். அதிகாலையில் நிலக்காற்றும் கிட்டத்தட்ட அதே திசையில் சேர்ந்துகொள்ளும். துடுப்பைச் சும்மா வைத்தாலே கயாக் போகும், எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழகாத இருவர் ஓட்டும் கயாக் காற்றில்லாத நீரில் மணிக்கு சுமார் 4 கி.மீ. போகும். 10 நாட் (காற்றின் வேகத்தை அளக்கும் அலகு; 10 நாட் என்பது மணிக்கு சுமார் 18 கி.மீ.) காற்று பின்னால் தள்ளினால் 5.5 கி.மீ. கூடப் போகலாம், அதே காற்று எதிரே வந்தால் 2.5 கி.மீ. தேறுவதே பெரிது. ஒரு மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் தோள் ஓய்ந்த பிறகு. காற்று 15 நாட்டுக்கு ஏறிவிட்டால் புதியவர்களால் கரைக்குத் திரும்ப முடியாமலே போகலாம்.

கரையில் நின்று பார்க்கும்போது அலைகளின் முதுகுதான் தெரியும், நுரை அந்தப் பக்கம் மறைந்திருக்கும். அதனால் காலடி நீரைப் பார்க்காமல் பனையின் உச்சி ஓலையைப் பாருங்கள். கீழே சட்டை அசையாதபோதும் மேலே ஓலை ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலத்துக்கொண்டிருந்தால், வெளியே காற்று காத்திருக்கிறது. கடலில் ஆங்காங்கே வெண்ணுரை தலைகாட்டினால் 10 நாட்டை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் அன்று கயாக்கைக் கரையிலேயே வைத்துவிடுங்கள்.

ஆகவே தென்கடலில் தீவை நோக்கி நேராக வெளியே போகாதீர்கள். கரையிலிருந்து 200 மீட்டருக்குள், முதலில் கிழக்கே 3 கி.மீ. வாடையை எதிர்த்துப் போய், பிறகு அதை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்புங்கள். களைப்பு வரும் நேரத்தில் காற்று உங்கள் பக்கம் இருக்கும். பாம்பன் பாலத்தின் அடியில் போக வேண்டாம். இந்த மாதங்களில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வடகடலிலிருந்து தென்கடலுக்கு இழுக்கும், குறுகிய வாயில் பாறைகளும் உண்டு. தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் கயாக் இறக்கவே கூடாது. அங்கே நீரோட்டமும் கொடியது, கடல் எல்லையும் அருகில்.

வடகடலில் ஒரு நன்மை உண்டு: கவிழ்ந்தால் காற்று கரைக்குத் தள்ளும். ஆனால் ஆழம் குறைவு, அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அரை மீட்டர் அலை எட்டு விநாடிக்கு ஒன்று வந்தால் தாலாட்டு, மூன்று விநாடிக்கு ஒன்று வந்தால் கயாக்கைப் புரட்டும். கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அறிவிப்பில் இரண்டும் இருக்கும். வடகடலில் 8 நாட்டுக்குக் கீழ், காலை 6.30 முதல் 9.30 வரை மட்டும். பிற்பகலில் கடற்காற்றும் வாடையோடு சேரும். மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளிலிருந்து 20 மீட்டராவது விலகிப் போங்கள். நைலான் கயிறு துடுப்பில் சிக்கும், அறுபட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும்.

தேதி விஷயத்தில் பொங்கலை விடப் பிப்ரவரியே நல்லது. பொங்கலுக்குத்தான் எல்லோருக்கும் லீவு என்றால், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கு அன்று கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தரவில்லை, அல்லது பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்றால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

ஆறு பேருக்கு இருவர் அமரும் மூன்று கயாக், மேலே திறந்து உட்காரும் வகை. அனுபவமுள்ள இருவரும் தனித்தனிக் கயாக்கில் பின் இருக்கையில் இருக்கட்டும், கயாக்கைத் திருப்புவது பின்னாலிருப்பவர் வேலை. நீச்சல் தெரியாத இருவரும் அவர்களுக்கு முன்னால் உட்காரட்டும். மற்ற இருவரின் கயாக் நடுவில் போகட்டும். ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தை யாரும் தாண்டக் கூடாது.

லைஃப் ஜாக்கெட் ஆறு பேருக்கும், நீச்சல் வீரருக்கும் சேர்த்து. வாரை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் நீரிலும் ஏறும், முகம் உள்ளே போய்விடும். விசில், நீர்புகா உறையில் போன் இரண்டையும் ஜாக்கெட்டில் கட்டுங்கள், கயாக்கில் அல்ல. மிதக்கும் கயிறு 15 மீட்டர், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், முழுக்கை பாலியஸ்டர் சட்டை, காற்றுத் தடுப்புச் சட்டை. கடல் நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் நனைந்த உடம்பில் அதிகாலை வாடை பட்டால் நடுக்கம் வரும், நடுங்கும் கை துடுப்பைப் பிடிக்காது. வெளிநாட்டு நண்பர் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கருவியோ கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிய அனுமதியின்றி இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம்.

புறப்படும் முன் மார்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, ஆறு பேரும் மூன்று தடவை ஏறிப் பழக வேண்டும். கவிழ்ந்த கயாக்கின் நடுப்பகுதிக்கு வந்து, அதன்மேல் கை நீட்டி அடுத்த பக்க விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் அது நிமிரும். பிறகு இருக்கைக்கு நேராக நின்று, கால்கள் நீர் மட்டத்துக்கு வரும்வரை உதையுங்கள். கால் மிதந்தபின் நெஞ்சை ஏற்றி, வயிற்றுக்கு இழுத்து, புரண்டு உட்காருங்கள், கால்கள் கடைசியில். எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: காலைத் தொங்கவிட்டபடியே கையால் மட்டும் எம்புவார்கள். கால் கயாக்கின் அடியில் நுழைந்துகொள்ளும், கயாக் தலைமேல் கவிழும். ஒருவர் ஏறும்போது கூட்டாளி எதிர்ப்பக்க விளிம்பில் தொங்கிச் சமன் செய்ய வேண்டும். இன்னொரு கயாக் அருகில் இருந்தால் அதன் முன்முனை இதன் பின்முனைப் பக்கம் வரும்படி ஒட்டி நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.

காற்று வெளியே தள்ளத் தொடங்கினால் கரையை நேராகப் பார்த்து முட்டி மோத வேண்டாம். உடலைக் குனிந்து, சற்றுச் சாய்வாக, குட்டை வீச்சில் தள்ளுங்கள். பத்து நிமிடத்தில் கரை நெருங்கவில்லை என்றால் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 1554-க்கு (இந்தியக் கடலோரக் காவல்படை) அல்லது 1093-க்கு (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) அழையுங்கள். கயாக்கை விட்டுவிட்டு நீந்த மட்டும் வேண்டாம். அலைக்கு நடுவே தலையை யாரும் பார்க்க முடியாது, நான்கு மீட்டர் ஆரஞ்சு நிறக் கயாக் தெரியும்.

இறங்கும் துறையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி, போன் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். "இன்னிக்கு வாடை எப்படிண்ணே?" என்றும் கேளுங்கள். திரும்பியதும் அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு வள்ளத்தில் உங்களைத் தேடக் கிளம்பிவிடுவார்.