நுரையீரல் செல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா: கடலூர் அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீட்டில் இடம் கிடைக்காமல் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி சேர்ந்த மகள், கடைசி வருஷத்தில் வந்து, "நுரையீரல் செல் பற்றி ஆராய்ச்சி பண்ணப் போறேம்பா" என்கிறாள். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. சோற்றுக் கணக்கை அப்புறம் பார்ப்போம். அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நுரையீரலின் காற்றுப்பைகளுக்கு உள்பக்கம் மெல்லிய தோல் போல எபிதீலிய செல்கள் படிந்திருக்கும். அதற்கு அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்கள். கொலாஜன் நார் தயாரிப்பது இவற்றின் வேலை. மேலே உள்ளவை நலமாக இருக்கும்வரை, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரந்து, கீழே உள்ளவற்றைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கும். மேலே உள்ளவை திரும்பத் திரும்ப அடிபட்டால் அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. டி.ஜி.எஃப். பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் கிளம்ப, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பெருகி நாரைக் கொட்டிக் குவிக்கின்றன. பஞ்சு போல் இருக்க வேண்டிய நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகிறது. உங்கள் தகப்பனாருக்கு நுரையீரல் நார்த்திசு நோய் என்று எழுதியிருந்தீர்களே, அது இப்படித்தான் முற்றுகிறது. 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும். ஏறிய தழும்பை அழிக்காது. தாத்தா மூச்சு வாங்கியதைப் பார்த்து வளர்ந்த பெண் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறாள் ஐயா. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் வேலை பொறுமையைச் சோதிக்கும். எபிதீலிய செல்கள் வளர்ந்த திரவத்தை எடுத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மேல் விட்டு, எத்தனை பெருகின என்று எண்ணிப் பார்ப்பார்கள். 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்த குடுவையில் செல்களுக்கு ஊட்டம் தரும் இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளாகத் திரும்பினால், உடனே புதுத் திரவம் மாற்றியாக வேண்டும்; பொங்கல், ஞாயிறு என்று பார்க்க முடியாது. பூஞ்சை ஒட்டினால் பல வார உழைப்பு குப்பைக்குப் போகும். இதைத் தாங்குவாளா என்று அவளையே கேளுங்கள். மார்க்கைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

இனி கணக்கு. எம்.எஸ்சி.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். பிஎச்.டி.யும் சேர்த்தால் ஏழெட்டு வருஷம் ஆகும். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி. காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள்: மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் காலாப்பட்டில் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் இருக்கிறது, எம்.எஸ்சி. சேர சியூஇடி பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

செமஸ்டர் மார்க்ஷீட்டுகளோடு மகளையும் அழைத்து வாருங்கள். பேச்சை அவளே தொடங்கட்டும்.